உறையிலிருந்து தொடங்குங்கள்: பண்டிகை வாழ்த்து அட்டை கையால் செய்ய முழு வழிகாட்டி

கையால் செய்த வாழ்த்து அட்டை கைவேலையில் கெட்டுப்போவது குறைவு. விளக்கு அழகாகத்தான் வந்திருக்கும், கோலமும் கோணாமல் இருக்கும். கடைசியில் உறையில் போடப் பார்த்தால் நுழையாது. நுழைந்தாலும் எடை கூடி, ஒட்டிய தபால்தலை போதாமல் போகும். அதுவும் சரியாக இருந்தால், இரண்டு நாளில் அட்டை அப்பளம்போல் வளைந்து நிற்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: படத்தை முதலில் யோசித்துவிட்டு, தாளையும் உறையையும் கடைசியில் யோசிப்பது.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். முதலில் உறை, பிறகு தாள், அதன் பிறகுதான் விளக்கும் பானையும்.

உறையும் எடையும்

சி6 உறை வாங்குங்கள். அளவு 114 × 162 மி.மீ. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அட்டை கிடைக்கும். உறைக்குள் ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 14 மி.மீ. இடைவெளி இருக்கும். கொஞ்சம் தடித்த அட்டைக்கு இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். அட்டை அளவுக்கே கச்சிதமாக உறை செய்தால், உள்ளே ஒட்டுவேலை வந்ததும் ஓரம் கிழியும்.

எடைக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 250 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை 15.6 கிராம், பாதி வெட்டினால் 7.8 கிராம். 100 ஜிஎஸ்எம் சி6 உறை ஏறக்குறைய 4.5 கிராம். இரண்டும் சேர்ந்து 12.3. சிங்கப்பூரில் சாதாரணக் கடிதத்தின் முதல் கட்டணப் படி 20 கிராம் வரை என்பதால், உங்கள் கைவேலைக்கு மிச்சம் இருப்பது ஏழரை கிராம். தாராளமான இடம்தான். ஆனால் முழு ஏ4 தாளை மடித்துப் பெரிய அட்டையாகச் செய்தால், படம் ஒட்டுவதற்கு முன்பே உறையோடு சேர்த்து 20 கிராமைத் தாண்டிவிடும்.

உள்ளூர் சாதாரணக் கடிதக் கட்டணம் 2023 அக்டோபரில் 31 காசிலிருந்து 51 காசாக ஏறியது. எனவே மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய 30 காசுத் தபால்தலையை நம்பாமல், அனுப்பும் நாளில் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலைக்குப் பதில் ‘ஃபர்ஸ்ட் லோக்கல்’ என்று அச்சிட்ட தபால்தலைகள் இருந்தால் கவலையில்லை. விலை ஏறினாலும் அவை முதல் படிக்குச் செல்லும்.

தாளுக்கும் ஒரு போக்கு உண்டு

காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் படுக்கின்றன. அந்த இழையோட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்திபோல் வரும். குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து, நிறத் தாளில் வெள்ளைக் கோடு தெரியும். சோதிப்பது எளிது. தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி மற்றத் திசையில் வளையுங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் வரவேண்டும்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை 297 மி.மீ. பக்கத்தை ஒட்டி ஓடும். அப்படிப்பட்ட தாளை நேரே நடுவில் மடித்தால் குறுக்கு மடிப்பு. அதையே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இழையோடு மடிப்பு. எடைக்காகத் தேர்ந்தெடுத்த சிறிய அளவு மடிப்புக்கும் சாதகமாக அமைகிறது.

எந்தத் தாள் எதற்கு? வெளி அட்டைக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம். எழும் படங்களுக்கான உள்தாள் 120 முதல் 160. வெட்டி ஒட்டும் உருவங்களுக்கும் அதுவே போதும். நகல் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் மாதிரி பார்க்க மட்டும். பசை பட்டதும் சுருங்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் தங்கத் தாள் ஒட்டுவதற்கு ஏற்றது, மடிப்பதற்கு அல்ல. மடித்த இடத்தில் பூச்சு உரியும்.

வாங்குவதற்கு பிராஸ் பசா காம்பிளக்ஸ் போனால் ஓவியப் பொருள் கடையும் எழுதுபொருள் கடையும் ஒரே கட்டடத்தில். காசு கொடுக்காமலும் நல்ல தாள் கிடைக்கும்: வீட்டில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகள். தடித்த தாள், தங்க வேலைப்பாடு, பட்டு நிறம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பிள்ளையார் படம் உள்ள பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்; கத்தரி போட்டால் பாட்டி சும்மா இருக்கமாட்டார். தேக்கா கடைகளில் பத்துப் பதினைந்தாக அட்டையில் குத்தி விற்கும் கல் வைத்த ஒட்டுப்பொட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பசையே இல்லாமல் ஒட்டும், தடிமன் குறைவு, விளக்கின் நடுவிலும் மயிலின் கண்ணிலும் அச்சாகப் பொருந்தும்.

கத்தி, கோடு, பசை

முனையை ஒடித்துப் புதிதாக்கும் கட்டர், இரும்பு ஸ்கேல், வெட்டுப் பாய். இவை மூன்றும் அவசியம். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும். அடுத்த கோடு கோணும். தடித்த அட்டையை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். அழுத்தமில்லாமல் மூன்று நான்கு முறை இழுத்தால் ஓரம் நேராக வரும். ஓரத்தில் பஞ்சுபோல் பிசிறு வந்தால் கை சரியில்லை என்று நினைக்கவேண்டாம், முனை மழுங்கியிருக்கிறது. ஒடித்த முனையைப் பழைய மிட்டாய் டப்பாவில் போட்டு மூடுங்கள், குப்பைப் பையில் நேரே போடாதீர்கள்.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்தவேண்டும். இதற்கென்று விற்கும் கருவி இல்லாவிட்டால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். ஸ்கேலை வைத்து ஒரே சீராக இரண்டு முறை இழுத்தால் பள்ளம் விழும், மறுபக்கம் மேடு எழும். இங்கேதான் பலரும் தவறாக மடிப்பார்கள். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம் இருக்கவேண்டும், மேடு மடிப்பின் உள்ளே போகவேண்டும். பள்ளத்தை நோக்கி மடித்தால் வெளிப்புற இழைகள் அளவுக்கு மீறி இழுபட்டு வெடிக்கும்.

பசை விஷயத்தில் சிங்கப்பூர் வானிலையைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். தாள் ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. அதன்மேல் நீர்ப் பசையைத் தடவினால் இழைகள் குறுக்குவாட்டில் வீங்கி, தாள் வளைகிறது. எனவே பெரிய பரப்புகளுக்கு, அதாவது உள்தாளை வெளி அட்டையோடு சேர்ப்பதற்கு, இருபக்க டேப்தான் நல்லது. வெள்ளைப் பசை சின்ன உருவங்களுக்கு மட்டும். ஒரு மூடியில் ஊற்றி, பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்தால் போதும். குச்சிப் பசை சீக்கிரம் காய்ந்து ஓரம் கிளம்பும். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், அஞ்சலில் போகும் அட்டைக்கு வேண்டாம். சூட்டுப் பசைத் துப்பாக்கியும் வேண்டாம். அது விடும் கட்டியும் நூலும் அட்டையின் மறுபக்கம்வரை தெரியும்.

ஒட்டி முடித்த ஒவ்வொரு அட்டையையும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விடுங்கள். ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் இன்னும் நல்லது. சன்னல் ஓரம் ஆகாது.

திறந்தால் எழும் அகல்விளக்கு

தீபாவளிக்கு இது நிச்சயம் எடுபடும். அட்டையைத் திறந்ததும் நடுவில் பெரிய விளக்கும் இருபுறம் சின்ன விளக்குகளும் படிமேல் நிற்கும். தத்துவம் ஒன்றே: மடித்த தாளின் மடிப்பில் இரண்டு வெட்டு போட்டு, நடுத்துண்டை எதிர்த்திசையில் தள்ளினால் பெட்டிபோல் ஒரு படி வரும். அந்தப் படியின் முகப்பில் விளக்கை ஒட்டுகிறோம்.

வெளி அட்டை 210 × 148 மி.மீ., 105-இல் மடிப்பு. உள்தாளை நான்கு பக்கமும் 2 மி.மீ. குறைத்து 206 × 144 ஆக வெட்டி, 103-இல் மடிப்புக் கோடு அழுத்துங்கள். குறைக்காமல் ஒரே அளவில் வெட்டினால், மூடும்போது உள்தாள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

1. உள்தாளை விரித்து, 144 மி.மீ. அகலம் கிடைவாட்டில் வருமாறு வையுங்கள். மடிப்புக்கோடு இப்போது நடுவில் கிடையாக ஓடும்.

2. நடுப்படிக்கு இடது ஓரத்திலிருந்து 52, 92 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் செங்குத்துக் கோடு. ஒவ்வொன்றும் மடிப்புக்கு மேலே 30, கீழே 30 மி.மீ. ஓடவேண்டும்.

3. பக்கப் படிகளுக்கு 14, 38 மி.மீ. இடங்களிலும், 106, 130 மி.மீ. இடங்களிலும் கோடு, மேலும் கீழும் 18 மி.மீ. மட்டும்.

4. இந்த ஆறு செங்குத்துக் கோடுகளை மட்டுமே கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு சோடியின் மேல்முனைகளையும் கீழ்முனைகளையும் இணைக்கும் கிடைக்கோடுகளை வெட்டவே கூடாது, அழுத்தவேண்டும். அவசரத்தில் இதையும் வெட்டிவிட்டால் படி தனித் துண்டாகக் கையில் வந்துவிடும்.

5. தாளைப் பாதி மடித்தபடி பிடித்து, பின்பக்கத்திலிருந்து விரலால் ஒவ்வொரு படியையும் முன்னே தள்ளுங்கள். கிடைக்கோடுகள் இரண்டும் உள்நோக்கிப் பள்ளமாகவும், படியின் நடு மடிப்பு உங்களை நோக்கி முகடாகவும் மாறும். முழுவதும் மூடி, நகத்தால் நன்றாக அழுத்தித் திறங்கள்.

விளக்கு எவ்வளவு உயரம் இருக்கலாம்? கண்ணளவில் வெட்டினால் அட்டையை மூடியதும் சுடர் வெளியே எட்டிப்பார்க்கும். கணக்கு இதுதான்: பக்கத்தின் நீளத்திலிருந்து படியின் ஆழத்தைக் கழியுங்கள், மேலும் 5 மி.மீ. கழியுங்கள். நடுவிளக்குக்கு 103 − 30 − 5 = 68 மி.மீ. அதுதான் உச்சவரம்பு. 60 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் பார்வைக்கும் அடக்கமாக இருக்கும். பக்க விளக்குகள் 42 உயரம், 32 அகலம். இதைவிட அகலமாக்கினால் பக்கத்து விளக்கோடு உரசும்.

அகலுக்குச் செம்மண் நிறத் தாள், சுடருக்கு மஞ்சள்மேல் ஆரஞ்சு. சுடரைத் தாளை மடித்து அரைப் பாதியாக வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துவரும், ஆனால் பார்க்க மாவிலைபோல் ஆகிவிடும். நுனியைச் சற்று ஒரு பக்கம் சாய்த்து, மடிக்காமல் வெட்டுங்கள். காற்றில் ஆடும் சுடர் அப்படித்தான் இருக்கும். அகலின் விளிம்பில் மூன்று ஒட்டுப்பொட்டு.

ஒட்டும்போது விளக்கின் கீழ்ப்பகுதியில் மட்டும், படியின் முகப்புச் சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் பசை. விளக்கின் அடி, படியின் அடியோடு சேரவேண்டும். ஒரு மி.மீ. கீழே இறங்கினாலும் அடித்தாளில் முட்டி, மூடும்போது மடங்கும்.

கடைசியாக உள்தாளை வெளி அட்டையோடு சேர்ப்பது. டேப் வெளி ஓரங்கள் மூன்றிலும் ஓடட்டும். படிகளுக்குப் பின்னால் எதுவும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் படி முன்னே வராது, திறக்கும்போது கிழியும். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் டேப் உரித்து, இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்த ஒட்டுங்கள். பிறகு மறுபக்க டேப்பை உரித்துவிட்டு, அட்டையை அப்படியே மூடி அழுத்துங்கள். விரித்த நிலையில் இரண்டாம் பக்கத்தை ஒட்டினால் மடிப்பு இழுத்துக்கொண்டு நிற்கும்.

உறையோடு மொத்த எடை, உள்தாள் 120 ஜிஎஸ்எம் என்றால் 17 கிராமைச் சற்றுத் தாண்டும்; 160 என்றால் 18.5. இரண்டுமே 20-க்குள். சமையல் தராசில் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

ஊசியால் போடும் கோலம்

எழும் விளக்குக்கு முகப்பு வேண்டுமே. செங்காவி நிற அட்டையில், வாசல்படியில் போட்டதுபோல், ஊசிக் குத்தால் ஒரு கோலம் போடலாம். மை இல்லை, பசை இல்லை, எடை கூடாது. ஒரே நிபந்தனை: உள்ளே எதையும் ஒட்டுவதற்கு முன்பே முகப்பைக் குத்தி முடித்துவிடவேண்டும்.

1-3-5-3-1 நேர்புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 18 மி.மீ. குறுக்கே 72 மி.மீ. வரும்; வெளியே சுற்றும் கோட்டையும் சேர்த்தால் 90-க்குள் அடங்கும். கட்டம் போட்ட தாளில் கோலத்தை வரைந்து, அட்டையின்மேல் நகராதபடி ஒட்டுங்கள். அடியில் பழைய யோகா பாய்த் துண்டு. தலை உள்ள குண்டூசியால் கோட்டின் வழியே 2 மி.மீ. இடைவெளியில், செங்குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். இடைவெளி ஒரு மி.மீ. ஆகக் குறைந்தால் தபால்தலை ஓரம்போல் கிழிந்து, கோலம் கையோடு வந்துவிடும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு குத்து.

முன்பக்கத்திலிருந்து குத்தினால் துளைகள் தெரியும். பின்பக்கத்திலிருந்து குத்தினால் முன்னே மணிமணியாக மேடு எழும். தடவிப் பார்த்தால் மாக்கோலத்தின் உணர்வு கிடைக்கும். பின்னாலிருந்து குத்தும்போது படம் இடவலமாகும். பூக்கோலத்துக்கு அதனால் பாதகமில்லை. எழுத்தைக் குத்துவதாக இருந்தால், வரைபடத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ளவேண்டும். புள்ளிகள் வெண்மையாகத் தெரிய, குத்தி முடித்த பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் நடுப்புள்ளி பதின்மூன்றையும் தொட்டுவிடுங்கள், கோட்டைத் தொடவேண்டாம்.

விறகைத் தள்ளினால் பொங்கும் பானை

பொங்கல் அட்டைக்கு. 105 × 148 முகப்பு நின்ற வாக்கில் இருக்கட்டும். பானை 66 மி.மீ. அகலம், 50 உயரம். வாய் அகன்றதாக, வயிற்றளவுக்கே இருக்கவேண்டும். அதன் பின்பக்கத்தில் இடது வலது ஓரங்களில் மட்டும், மேலிருந்து கீழ்வரை, 8 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. பஞ்சு டேப். நடுவில் 50 மி.மீ. அகலத்துக்கு ஒரு வழி திறந்திருக்கும்.

அந்த வழியில் ஓடும் பட்டை 20 மி.மீ. அகலம், 82 நீளம், 160 ஜிஎஸ்எம். பட்டையின் மேல்முனையில் வெள்ளை நுரை: கீழ்ப்பகுதி 44 அகலம், 25 உயரம், பானைக்குள் மறைந்திருப்பது, மேல்பகுதி 58 அகலம், 15 உயரம், பானை வாய்க்கு வெளியே வழிவதுபோல் அலையலையாக. மேல்பகுதி வழியைவிட அகலமானது என்பதால் பட்டை கீழே நழுவி விழாது. பட்டையின் கீழ்முனையில் 58 மி.மீ. அகலத்துக்கு விறகுக் கட்டு, நுனியில் தீ. இதுவும் வழியைவிட அகலம். மேலே தள்ளும்போது டேப்பில் முட்டி நிற்கும். பட்டை அமைந்த நிலையில் விறகுக்கும் பானைக்கும் 20 மி.மீ. இடைவெளி. விறகை அடியிலிருந்து மேலே தள்ளினால் அதே 20 மி.மீ. நுரை எழும்.

வரிசை தப்பினால் எல்லாம் வீண். நுரையைப் பட்டையில் ஒட்டி, பட்டையைப் பானைக்குப் பின்னால் வைத்து, பானையை அட்டையில் பதியுங்கள். அட்டையின் கீழ்விளிம்பிலிருந்து பானையின் அடி 45 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். விறகைக் கடைசியில்தான் ஒட்டவேண்டும், முதலிலேயே ஒட்டிவிட்டால் பட்டையை நுழைக்க வழியில்லை.

பட்டை ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் இரண்டு காரணம். பஞ்சு டேப்பின் பக்கவாட்டுப் பசை பிடிக்கிறது. முகப்பவுடரைத் துணியில் தொட்டு அந்த ஓரத்தில் ஒற்றுங்கள். அல்லது பட்டை ஈரத்தில் சொரசொரப்பாகியிருக்கிறது. பின்பக்கம் மெழுகுவத்தியை இரண்டு முறை தேயுங்கள். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இருபுறம் கரும்பும் தேவைதான், ஆனால் கரும்பு இலையைப் பானைமேல் சாய்க்காதீர்கள், நுரை எழும்போது சிக்கும்.

சுருள் காகிதத் தோரணம்

குவில்லிங் பட்டைகளில் 3 மி.மீ. அகலம் உள்ளதை மட்டும் அட்டைக்கு எடுங்கள். 5 மி.மீ. பட்டை சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு. பச்சைப் பட்டையை 20 செ.மீ. வெட்டி, பிளவுள்ள ஊசியில் சுற்றி, 15 மி.மீ. வட்டத் துளைக்குள் விட்டுத் தளர விடுங்கள். முனையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களைக் கிள்ளினால் 20 மி.மீ. நீள மாவிலை. ஏழு இலை போதும், 148 மி.மீ. அகலத்துக்கு ஒரு தோரணம் நிறையும்.

சுருள் தளரவே இல்லை என்றால் பட்டை ஈரம் பிடித்திருக்கிறது. வைட்டமின் பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஜிப் பையில் ஓரிரவு போட்டுவையுங்கள். எல்லாச் சுருளும் வேறு வேறு அளவில் வருகிறது என்றால் துளைப் பலகை இல்லாமல் செய்கிறீர்கள். இந்த அட்டையை அஞ்சலில் அனுப்பாதீர்கள். 3 மி.மீ. உயரச் சுருள் அஞ்சல் பையின் அழுத்தத்தைத் தாங்காது. கையில் கொடுப்பதற்கு, பலகாரத் தட்டோடு கொடுப்பதற்கு, இதைவிட நல்லது இல்லை.

பக்கத்து வீட்டுப் பெருநாள்களுக்கு

தீபாவளிப் பலகாரம் போகும் வீடுகளிலிருந்து நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஏதாவது திரும்பி வரத்தான் செய்யும். அதே அளவு அட்டை, அதே உறை.

நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட், அதாவது ஓலையில் பின்னிய அரிசிப் பொட்டலம். 60 மி.மீ. சதுரப் பச்சைத் தாளில் ஓரத்தில் 5 மி.மீ. விட்டு, 5 மி.மீ. இடைவெளியில் வெட்டு. இளம்பச்சைப் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னி, நெருக்கித் தள்ளி, மூலை மேலே வருமாறு திருப்பி ஒட்டினால் போதும். வால்களை இரண்டு மெல்லிய பட்டைகளால் தொங்கவிடுங்கள். சீனப் புத்தாண்டுக்கு பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகளில் மிஞ்சியவை. தங்க அச்சுள்ள பகுதியை மீன் செதிலாக அரைவட்டங்களாக வெட்டி, வாலிலிருந்து தலைக்கு அடுக்கவேண்டும், தலையிலிருந்து தொடங்கினால் செதில் தலைகீழாக நிற்கும். வெள்ளை, கறுப்பு அட்டையை அந்தப் பண்டிகைக்குத் தவிர்த்துவிடுங்கள், அவை துக்கத்தின் நிறங்கள்.

எழுத்து

தமிழ் எழுத்தைக் கத்தியால் வெட்டி எடுப்பது ஆங்கில எழுத்தைவிடக் கடினம். ‘தீபாவளி’யில் ‘த’, ‘வ’ இரண்டிலும் மூடிய வளையம். துளையாக வெட்டினால் உள்துண்டு விழுந்துவிடும். 2 மி.மீ. பாலம் விட்டு வெட்டவேண்டும். ‘நல்வாழ்த்துகள்’ என்ற ஒரே சொல்லில் நான்கு புள்ளி. அதனால் பண்டிகையின் பெயரை மட்டும் 20 மி.மீ. உயரத்தில் வெட்டுங்கள், வாழ்த்தைப் பேனாவால் எழுதுங்கள். ‘வாழ்த்துக்கள்’ என்று ‘க்’ போட்டு எழுதினால் யாராவது தமிழாசிரியர் கண்ணில் பட்டு, கள் குடித்த கதையாகிவிடும். ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுங்கள்.

வெள்ளை, தங்க ஜெல் மை இந்த ஈரத்தில் தாமதமாகத்தான் காயும். ஐந்து நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு மூலையில் விரலால் சோதியுங்கள். மூலையில் மஞ்சள் தொட்டு வைக்க ஆசைப்படுபவர்கள் மஞ்சள் கலர் பென்சிலால் தேய்ப்பதே மேல். குழைத்த மஞ்சள் தாளை வளைக்கும், தூளாக வைத்தால் உறை முழுக்கப் பரவும், எப்படி வைத்தாலும் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

இருபது அட்டை, ஒரு வாரம்

ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் இருபதும் இருபது மாதிரி இருக்கும். முதல் நாள் எல்லா வெட்டும், எல்லா மடிப்பும். இரண்டாம் நாள் முகப்புக் கோலம், மூன்றாம் நாள் படிகள், அதற்கடுத்த நாள் உருவங்கள். ஒட்டுவது ஒரு நாள், அழுத்திவைப்பது ஓரிரவு. தொடக்கநிலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஊசிக் குத்தும் கெத்துப்பாட் பின்னலும் கொடுக்கலாம். கட்டர் கையில் வேண்டாம்.

முடித்தவற்றை மூடி இறுக்கமான டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு படுக்கவைத்து அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் வளையும். உறைகளையும் அதே டப்பாவில் போடுங்கள். வெளியே கிடந்தால் மூடியிலுள்ள பசை தானாகவே ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது கிழியும்.

தீபாவளி வரும் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். முகவரியை மைப்பேனாவால் எழுதினால் ஒரு சொட்டு நீரில் கரையும், பால்பாயின்ட் போதும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் வீட்டு எண்ணையும் எழுதிய பிறகு அட்டையை உள்ளே வையுங்கள். வைத்தபின் எழுதினால் பேனாவின் அழுத்தம் கோலப் புள்ளிகள்மேல் பதியும். அட்டையின் மடிப்புப் பக்கம் உறையின் அடியை நோக்கி இருக்கட்டும். திறந்த ஓரம் கீழே போனால் எழும் படி உறையின் மூலையில் சிக்கி, எடுக்கும்போதே கிழியும்.